ஒன்பது பிள்ளைகள் உள்ள எபிஸ்கோப்பல் சபை: வாலிபர் ஊழியத்தை எங்கிருந்து தொடங்குவது?

கடுகுவிதை

வணக்கம். அமெரிக்கப் புறநகர் ஒன்றில் உள்ள எபிஸ்கோப்பல் (அமெரிக்க ஆங்கிலிக்கன்) சபைக்காகக் கேட்கிறேன். ஞாயிறு வருகை சராசரி 80 பேர். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பிள்ளைகள் ஒன்பது பேர். அதில் மூன்று பேர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பின்னணியுள்ள தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள். வெஸ்ட்ரி (சபை நிர்வாகக் குழு) முன்னால் மூன்று யோசனைகள் இருக்கின்றன: வாரம் 20 மணி நேரத்துக்கு ஒரு வாலிபர் ஊழியரைச் சம்பளத்துக்கு எடுப்பது, ஞாயிறு மாலை கிட்டார், டிரம்ஸோடு பிள்ளைகளுக்கென்று தனி ஆராதனை, அடுத்த வசந்த காலத்தில் பேராயர் வரும்போது எல்லாரையும் ஒரே கூட்டமாகத் திடப்படுத்தலுக்கு (ஞானஸ்நான உடன்படிக்கையைத் தானே உறுதிசெய்யும் சடங்கு) நிறுத்துவது. நவம்பருக்குள் பட்ஜெட் முடிய வேண்டும். எதை முதலில் செய்யலாம், எதைத் தொடவே கூடாது?

ஆலயமணி

மூன்றையும் கொஞ்சம் தள்ளிவையுங்கள். ஒரு தாளில் ஒன்பது பெயரையும் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே, அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பள்ளியில் என்ன நடக்கிறது என்று கேட்கக்கூடிய பெரியவர்கள் யார் யார் என்று எழுதுங்கள். பெற்றோரும் ரெக்டரும் (சபையின் பொறுப்புக் குருவானவர்) இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். பெரும்பாலான சிறு சபைகளில் அந்தப் பத்தி ஏறக்குறைய காலியாகத்தான் இருக்கும். அதை நிரப்புவதுதான் முதல் ஆண்டின் வேலை.

வட அமெரிக்கச் சபைகளில் நெடுநாளாகப் புழங்கும் ஒரு கணக்கு உண்டு: ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், 50 பிள்ளைகளுக்கு ஒரு முழுநேர ஊழியர், ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்குச் சம்பளம் உட்பட 1,000 டாலர். விலைவாசி ஏறியபின் அந்தத் தொகை போதாது, ஆனாலும் அளவு புரியும். ஒன்பது பிள்ளைகளுக்கு இரண்டு பெரியவர்கள், 9,000 டாலர். வாரம் 20 மணி நேர ஊழியர் இந்த அளவுக்குள் வரமாட்டார். ஐந்து பிள்ளைக்கு ஒருவர் என்பது கூட்டத்தை நடத்துவதற்கான எண்ணிக்கை. பிள்ளை விசுவாசத்தில் நிலைக்க அதைத் தலைகீழாகப் போட வேண்டும், ஒரு பிள்ளைக்கு ஐந்து பெரியவர். நான் மேலே சொன்ன தாள் அதற்காகத்தான்.

ஆள் எடுப்பதில் உள்ள ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். சம்பளத்துக்கு ஒருவர் வந்ததும் சபையார் கையைக் கழுவிவிடுகிறார்கள். பிள்ளைகள் அவரோடு ஒட்டிக்கொள்கிறார்கள். பகுதிநேர வேலையில் யாரும் அதிக நாள் தங்குவதில்லை. படிப்பு முடிந்ததும், முழுநேர வேலை கிடைத்ததும் போய்விடுவார். அவர் போகும்போது கூட்டமும் கூடவே போய்விடும். பின்னால் நான்கைந்து தன்னார்வப் பெரியவர்கள் இருக்கும் இடத்தில்தான் சம்பள ஆள் வந்தும் பயன், போனாலும் நஷ்டமில்லை.

கணக்குப்பிள்ளை

பணத்தை மட்டும் நான் சொல்கிறேன். வாரம் 20 மணி என்றால் ஆண்டுக்கு 1,040 மணி. எபிஸ்கோப்பல் சபையின் உச்ச ஆளும் மாநாடான ஜெனரல் கன்வென்ஷனின் 2009 தீர்மானத்தின்படி ஆண்டுக்கு 1,000 மணிக்குக் குறையாமல் வேலை செய்யும் குருத்துவம் பெறாத ஊழியருக்கு ஓய்வூதியம் கட்டுவது சபையின் கடமை. வரையறுத்த பங்களிப்புத் திட்டமாக இருந்தால் சம்பளத்தில் 5 சதவீதம் சபை போட வேண்டும். ஊழியர் தானும் போட்டால் அதற்கு ஈடாக இன்னும் 4 சதவீதம் வரை. இது தெரியாமல் "சின்ன வேலைதானே" என்று 20 மணி என எழுதிவிட்டு, இரண்டாம் ஆண்டில் விழிக்கும் வெஸ்ட்ரிகள் உண்டு. ஓய்வூதியத்தைத் தவிர்ப்பதற்காக 19 மணி என்று எழுதி 25 மணி வேலை வாங்குவது அநியாயம், அதையும் செய்யாதீர்கள்.

பத்து மணி நேர வேலை என்று வையுங்கள். மணிக்கு 25 டாலர் என்றால் ஆண்டுக்கு 13,000. சபை கட்ட வேண்டிய சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரி 7.65 சதவீதம், ஏறக்குறைய 995 டாலர். ஒப்பந்தக்காரர் என்று காட்டி வரியை அவர் தலையில் கட்டுவது நடக்கும் தவறு. எந்த நேரம், எந்த இடம், எப்படி என்று சபை சொல்லி வேலை வாங்கினால் அவர் பணியாளர்தான், ஆண்டு முடிவில் டபிள்யூ-2 என்ற சம்பள வரிப் படிவம் கொடுக்க வேண்டும்.

பிள்ளைகள் காரைக் கழுவியும் கேக் விற்றும் பயணத்துக்குச் சேர்க்கும் பணம் சபைக் கணக்கில் தனித் தலைப்பில் நிற்க வேண்டும். ஒரு பெரியவரின் கைப்பேசிச் செயலியில் வாங்கக் கூடாது. எண்ணுவதற்கு உறவில்லாத இருவர். "யார் எவ்வளவு விற்றார்களோ அது அவர்கள் டிக்கெட்டுக்கு" என்று பிள்ளைக்கொரு கணக்கு வைப்பதை வரித்துறையான ஐ.ஆர்.எஸ். தனியாள் ஆதாயமாகப் பார்க்கும். சபையின் வரிவிலக்கு நிலைக்கே அது சிக்கல். சேர்ந்த பணம் பொதுவில் சேரட்டும், போகிற எல்லாருக்கும் சமமாகக் குறையட்டும்.

வாசல்காவல்

பிள்ளைப் பாதுகாப்பு விதிகளை யாரும் சொல்லுமுன் நான் சொல்லிவிடுகிறேன். இது முடியாமல் முதல் கூட்டத்துக்கே கதவைத் திறக்கக் கூடாது.

எபிஸ்கோப்பல் சபைக்குப் பிள்ளைகள், வாலிபர் பாதுகாப்புக்கான மாதிரிக் கொள்கை இருக்கிறது. உங்கள் திருமண்டலம் (ஒரு பேராயரின் கீழுள்ள சபைகளின் வட்டாரம்) அதைத் தன் சட்டத்துக்கேற்ப ஏற்றிருக்கும். திருமண்டல அலுவலகத்தில் கேட்டு அந்தப் பிரதியை வாங்குங்கள், பக்கத்துத் திருமண்டலத்துப் பிரதி செல்லாது. பொதுவாக ஒவ்வொரு பெரியவருக்கும் தேவைப்படுபவை: எழுத்து விண்ணப்பம், சிபாரிசு செய்பவர்களிடம் நேரில் பேசி விசாரித்தது, குற்றப் பின்னணிச் சோதனை, பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டுச் சோதனை, பாதுகாப்புப் பயிற்சி, குறிப்பிட்ட காலத்துக்கொரு முறை புதுப்பித்தல். இதெல்லாம் முடிய ஆறு வாரம் வரை ஆகலாம். செப்டம்பரில் தொடங்க வேண்டுமானால் ஜூலையில் தாள்கள் போயிருக்க வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் ஆள் தேடும் சபைகள் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன.

எப்போதும் உறவில்லாத இரண்டு பெரியவர்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து வந்தால் ஒருவராகத்தான் எண்ண வேண்டும். ஆகவே இரண்டு பேர் போதும் என்று திட்டமிட்டால் ஒருவருக்குக் காய்ச்சல் வந்த அன்றைக்குக் கூட்டம் ரத்து. நான்கு பேரைத் தயார் செய்துகொண்டு முறை வைத்து வாருங்கள். கதவில் கண்ணாடி இல்லாவிட்டால் கதவு திறந்திருக்க வேண்டும். பெரியவர் ஒருவரும் பிள்ளை ஒருவரும் தனியே காரில் போவதில்லை. பெற்றோர் வராமல் கடைசியாக நிற்கும் பிள்ளைக்காக இரண்டு பெரியவர்களும் சேர்ந்து காத்திருக்க வேண்டும்.

கைப்பேசிச் செய்தி எல்லாம் குழுவில் போக வேண்டும், குழுவில் குறைந்தது இரண்டு பெரியவர். தானாக அழியும் செய்திச் செயலிகள் கூடவே கூடாது. பிள்ளை தனியாக எழுதினால் பதில் போடும்போது இன்னொரு பெரியவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அப்படிச் சேர்ப்போம் என்று பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். துன்புறுத்தல் நடந்ததாகச் சந்தேகம் வந்தால் முதல் அழைப்பு மாநிலக் குழந்தைப் பாதுகாப்புத் துறைக்கு. ரெக்டரிடம் கேட்டு அனுமதி வாங்கிவிட்டு என்று நிற்கக் கூடாது. அவருக்கு அடுத்துச் சொல்லலாம்.

கடுகுவிதை

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவருக்கு வரும் மாதம் 18 முடிகிறது. அவரை இரண்டாவது பெரியவராக எண்ணலாமா?

வாசல்காவல்

எண்ணாதீர்கள். பள்ளியில் படிக்கும்வரை அவர் பிள்ளைகள் பக்கம்தான். பல திருமண்டலங்கள் பொறுப்பாளருக்கு 21 வயது கேட்கின்றன, இரவு தங்கும் நிகழ்ச்சிகளுக்கும் கார் ஓட்டுவதற்கும் சில இடங்களில் அதற்கும் மேல். அவரைத் துணைத் தலைவராக வளர்க்கலாம், பாதுகாப்புக் கணக்கில் சேர்க்க முடியாது.

ஒலிவமரம்

கடுகுவிதை, மாலையில் தனி ஆராதனை என்ற யோசனையைக் கைவிடுங்கள். ஒன்பது பேரில் எந்த ஞாயிறும் ஐந்து பேர்தான் வருவார்கள். அதற்கு ஒரு இசைக்குழு, ஒரு குருவானவர், ஒரு ஒலிப்பெட்டி. அந்தப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகு எந்த ஆராதனைக்குத் திரும்பி வருவார்கள்? காலை பத்து மணி ஆராதனையில் அவர்களுக்கு வேலையே பழகியிருக்காது.

அதே உழைப்பைக் காலை ஆராதனைக்குள் போடுங்கள். "யூத் சண்டே" என்று ஆண்டுக்கொரு நாள் பிள்ளைகளை மேடையேற்றிக் கைதட்டி அனுப்புவதும் வேண்டாம். மாதா மாதம் அட்டவணையில் அவர்கள் பெயர் வர வேண்டும். வேதபாடம் வாசிக்க லைசென்ஸ் தேவையில்லை. சிலுவை தூக்குவது, தீபம் ஏந்துவது, பீடத்தில் உதவுவது எதற்கும் தேவையில்லை. சபையாரின் ஜெபங்களை எழுதி நடத்தலாம். எபிஸ்கோப்பல் சபையின் பொது ஜெப புத்தகத்தில் ஆறு வடிவங்கள் இருக்கின்றன, அவற்றை மாதிரியாக வைத்து அந்த வாரத்துக்கேற்ப எழுதப் பழக்கலாம். திருவிருந்துப் பாத்திரம் கொடுப்பதற்குப் பேராயரின் லைசென்ஸ் வேண்டும், அதற்கு வழக்கமாகத் திடப்படுத்தல் முடிந்திருக்க வேண்டும், குறைந்த வயது உங்கள் திருமண்டல வழிகாட்டியில் இருக்கும்.

பழக்கும் முறை ஒன்றுதான்: முதல் முறை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், அடுத்து பெரியவரோடு சேர்ந்து செய்ய வேண்டும், அதற்கடுத்து தனியாகச் செய்ய வேண்டும், பெரியவர் பார்ப்பார். நான்காவது படி, தனக்கு இளையவருக்கு அதைக் கற்றுக்கொடுப்பது. பெரும்பாலான சபைகள் மூன்றாம் படியில் நின்றுவிடுகின்றன. நான்காம் படிக்கு வந்த பிள்ளைதான் தலைவர்.

வாசிப்புக்கு ஒரு நடைமுறை: ஞாயிறு வாசிக்க வேண்டிய பகுதியைத் திங்களன்றே அனுப்புங்கள். சனிக்கிழமை ஆலயத்தில் மைக் போட்டு ஒரு முறை, கடைசி வரிசையில் ஒருவர் உட்கார்ந்து கேட்க வேண்டும். பவுலின் நீண்ட வாக்கியங்களில் எங்கே மூச்சு விடுவது என்று பென்சிலால் கோடு போட்டுக் கொடுங்கள். பிள்ளை தடுமாறுவதற்குக் காரணம் அநேகமாகப் பயம் இல்லை, ஞாயிறு காலை 9:50-க்குத் தாளைக் கையில் கொடுப்பதுதான்.

பெரிய காரியம் ஒன்று வேண்டுமானால் ஈஸ்டர் விழிப்பு ஆராதனையைக் கொடுங்கள். ஜெப புத்தகம் ஒன்பது பழைய ஏற்பாட்டுப் பாடங்களைத் தருகிறது. குறைந்தது இரண்டு வாசிக்க வேண்டும், அதில் யாத்திராகமப் பாடம் கட்டாயம். நான்கு பாடங்களை எடுத்துப் பிள்ளைகளிடம் விடுங்கள். ஒன்றை நடித்துக் காட்டட்டும், ஒன்றை இருட்டில் மனப்பாடமாகச் சொல்லட்டும், உலர்ந்த எலும்புகளின் பள்ளத்தாக்குக்குச் சத்தம் அவர்களே கண்டுபிடிக்கட்டும். புது நெருப்பு மூட்டுவது வெளியே, பக்கத்தில் ஒரு தண்ணீர் வாளியும் தீயணைப்பானும், தளர்ந்த அங்கிக் கைகளை மடித்துக் கட்டிய பெரியவர் ஒருவரும். ஒத்திகை தவக்காலத்தின் நான்காம் வாரத்திலேயே தொடங்க வேண்டும்; பரிசுத்த வாரத்தில் ரெக்டருக்கும் இசைப் பொறுப்பாளருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது.

கடுகுவிதை

நன்றி அக்கா. வாராந்தரக் கூட்டம் எப்படி? ஞாயிறு காலை விளையாட்டுப் போட்டிகள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய்விடுகின்றன. ஆறு ஆண்டுப் பாடத்திட்டம் ஒன்றை வாங்கலாமா என்றும் வெஸ்ட்ரியில் பேச்சு.

ஒலிவமரம்

நீங்கள் சொல்வது வட கரோலினா மாநிலம் டர்ஹாமில் ஒரு எபிஸ்கோப்பல் சபையில் உருவான "ஜர்னி டு அடல்ட்ஹுட்" போன்றது என்று நினைக்கிறேன். இரண்டிரண்டு ஆண்டாக மூன்று கட்டம். முதல் கட்டத்தில் பதின்மூன்று வயதை ஒட்டிச் சபை நடுவே ஒரு ஆசீர்வாத வழிபாடு, நடுக்கட்டத்தின் முடிவில் ஒரு திருப்பயணம். நல்ல திட்டம். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்தாறு பிள்ளைகளும் இரண்டு தலைவர்களும் இருந்தால்தான் ஓடும். ஒன்பது பேரை மூன்றாகப் பிரித்தால் மூன்று மூன்று பேர். இருவர் வராத ஞாயிறு ஒரு பிள்ளை மட்டும் இரண்டு பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும். உங்களுக்கு இது வேண்டாம். பதின்மூன்று வயது ஆசீர்வாதத்தையும் திருப்பயணத்தையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாதத்தில் இரண்டு ஞாயிறு மாலை 5 முதல் 7. ஒன்றில் எல்லாரும் சேர்ந்து, மற்றதில் 14 வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டும். முதல் அரை மணி சாப்பாடு. அது முக்கியம், அவசரப்படுத்தாதீர்கள். பிறகு அடுத்த ஞாயிறு சுவிசேஷப் பகுதியை உரக்க வாசித்து முக்கால் மணி பேச்சு. பேச்சை நடத்துவது முறைப்படி ஒரு பிள்ளை, மூன்று கேள்விகளை முந்தின வாரமே ஒரு பெரியவரோடு உட்கார்ந்து எழுதியிருக்கும். அடுத்த அரை மணி ஏதாவது கைவேலை: ஜெபம் எழுதுவது, உணவு வங்கிக்குப் பைகள் கட்டுவது, பயணத்துக்குத் திட்டம் போடுவது. கடைசிப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கம்ப்ளின் இரவு ஜெபம், ஜெப புத்தகம் 127-ஆம் பக்கம். அதை நடத்தக் குருவானவர் வேண்டாம், பதினாலு வயதுப் பிள்ளை நடத்தலாம். இரண்டு ஆண்டு இதைச் செய்த பிள்ளைக்கு 91-ஆம் சங்கீதமும் சிமியோன் பாட்டும் மனப்பாடம். பாடத்திட்டம் எதுவும் தராத சொத்து அது.

விளையாட்டுக்காகப் பெற்றோரைக் கண்டிப்பதில் பயனில்லை. மாலைக் கூட்டமும், ஆண்டு அட்டவணையை ஆகஸ்டிலேயே கொடுத்துவிடுவதும்தான் வழி. போட்டித் தேதிகள் தெரிந்ததும் எந்த ஞாயிறு எந்தப் பணிக்கு வருவேன் என்று பிள்ளையே எழுதித் தரட்டும். ஒன்பதில் ஆறு முறை வருவேன் என்று சொல்லி ஆறும் வருகிற பிள்ளை பொறுப்புள்ள பிள்ளை.

யோர்தான்கரை

திடப்படுத்தல் பற்றி ஒரு சந்தேகம். ஊரில் எங்களுக்குத் திடப்படுத்தல் முடிந்தபின்தான் திருவிருந்து. இங்கே ஆறு வயதுப் பிள்ளையும் கையை நீட்டி அப்பம் வாங்குகிறது. அப்படியானால் திடப்படுத்தல் எதற்கு என்று தமிழ்ப் பெற்றோர் கேட்கிறார்கள். ஊரில் திடப்படுத்தப்பட்ட பிள்ளை இங்கே வந்தால் மறுபடி செய்ய வேண்டுமா?

ஆலயமணி

இரண்டாவதற்கு முதலில். வேண்டாம். சி.எஸ்.ஐ.யும் எபிஸ்கோப்பல் சபையும் ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் ஒன்றோடொன்று முழு உறவில் இருப்பவை. பேராயர் கைவைத்த திடப்படுத்தல் இங்கும் திடப்படுத்தல்தான். ஊர்ச் சேகர குருவானவரிடமிருந்து ஞானஸ்நான, திடப்படுத்தல் விவரங்களோடு மாற்றக் கடிதம் வாங்கிவந்து சபைப் பதிவேட்டில் ஏற்றுங்கள். பலர் இதைச் செய்யாமல் விடுவதால்தான் பின்னால் வெஸ்ட்ரிக்கோ லைசென்ஸுக்கோ பெயர் கொடுக்கும்போது சிக்கல்.

முதலாவதற்கு: 1979 ஜெப புத்தகம் ஞானஸ்நானத்தையே சபைக்குள் முழுமையான பிரவேசம் என்கிறது. அதனால் ஞானஸ்நானம் பெற்ற யாருக்கும் திருவிருந்து உண்டு. திடப்படுத்தல் என்பது பிறர் தனக்காகச் சொன்ன உடன்படிக்கையைத் தான் பக்குவத்தோடு, பொதுவில், பேராயர் முன்னால் சொல்வது. வயது எதையும் சபைச் சட்டமான கேனன் விதிக்கவில்லை. ஆயத்தமாகி, முறையாகக் கற்றபின் என்றுதான் இருக்கிறது. பழகிய எல்லையை எடுத்துவிட்டு வேறொன்றைச் சொல்லாமல் விட்டால் தமிழ்ப் பெற்றோருக்குக் குழப்பம் நியாயமே. ரெக்டர் அவர்களை உட்காரவைத்து ஜெப புத்தகத்தைத் திறந்தே காட்ட வேண்டும்.

இதனால்தான் ஒன்பது பேரையும் ஒரே கூட்டமாக நிறுத்தும் யோசனையை நான் எதிர்க்கிறேன். பதினொன்று வயதும் பதினேழு வயதும் ஒரே உறுதியைச் சொல்ல முடியாது. எட்டாம் வகுப்பு முடிந்ததும் எல்லாரையும் நிறுத்தும் சபைகளில் நடப்பது இதுதான்: பேராயர் வருகிறார், படம் எடுக்கிறார்கள், கேக் வெட்டுகிறார்கள், அடுத்த ஞாயிறிலிருந்து பிள்ளையைக் காணோம்.

ஒலிவமரம்

ஐயா, அங்கே கொஞ்சம் மாறுபடுகிறேன். 16 வயதுவரை காத்திருந்தால் பாதிப் பிள்ளைகள் அதற்குமுன்பே போய்விடுவார்கள். பதினாலு வயதில் வகுப்பே அவர்களைப் பிடித்துவைக்கிறது.

ஆலயமணி

பிடித்துவைப்பது வகுப்பு என்றால் வகுப்பைப் பதினாலில் நடத்துங்கள், கைவைத்தலை அதோடு கட்டாயமாகக் கட்டாதீர்கள் என்கிறேன். ஒன்பது மாத வகுப்பு, ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோரல்லாத ஒரு துணைவர், பாதுகாப்புச் சோதனை முடித்தவர், மாதம் ஒரு முறை ஆலயக் கூடத்திலோ கடையிலோ நாலு பேர் பார்க்கும் இடத்தில் சந்திப்பு. முடிவில் ஒவ்வொருவரும் தன் விசுவாசத்தை ஒரு பக்கத்தில் தன் வார்த்தையில் எழுத வேண்டும். பிறகு ரெக்டர் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஜன்னல் வழியே பார்வை படும் அறையில் கேட்க வேண்டும்: "உனக்கு இப்போது இது வேண்டுமா? வேண்டாம் என்றாலும், அடுத்த முறை என்றாலும் உன் இடம் இங்கே மாறாது." இந்தக் கேள்வி பெற்றோர் பக்கத்தில் இருக்கும்போது கேட்டால் பயனில்லை. விருந்தினர் அழைப்பிதழ் போகுமுன் கேட்டிருக்க வேண்டும். தாத்தா பாட்டிக்கு விமான டிக்கெட் எடுத்தபின் எந்தப் பிள்ளையும் வேண்டாம் என்று சொல்லாது.

திடப்படுத்தல் முடிந்த பிள்ளையின் பெயர் அடுத்த ஞாயிறு பணி அட்டவணையில் இருக்கட்டும். பாத்திரம் கொடுக்கும் லைசென்ஸுக்கான பயிற்சியை வகுப்போடு சேர்த்தே முடித்துவிட்டால் விண்ணப்பம் பேராயர் அலுவலகத்துக்கு முன்கூட்டியே போய்விடும்.

கலங்கரை

நிர்வாகப் பக்கம் யாரும் தொடவில்லை. கேனன் முதல் பிரிவு, 17-ஆம் சட்டம்: 16 வயதும் அதற்கு மேலும் உள்ள உறுப்பினர் வயதுவந்த உறுப்பினராகக் கருதப்படுவார். ஆகவே பதினாறு வயதுப் பிள்ளை உங்கள் சபையின் முழு உறுப்பினர். ஆண்டுக் கூட்டத்தில் ஓட்டுப்போடவும் வெஸ்ட்ரியில் இருக்கவும் முடியுமா என்பதைத் திருமண்டலக் கேனனும் மாநிலச் சட்டமும் உங்கள் சபையின் உள்விதியும் சேர்ந்து தீர்மானிக்கும். சில மாநிலங்களில் அறங்காவல் பொறுப்புக்கு 18 வயது கட்டாயம். திருமண்டலத்தின் சட்ட ஆலோசகரான சான்சலரிடம் ஒரு மின்னஞ்சலில் கேட்டுவிடலாம். ஓட்டு முடியாவிட்டால், இருக்கையும் பேச்சுரிமையும் கொடுப்பதற்கு வெஸ்ட்ரி தீர்மானமே போதும்.

கொடுத்தால் ஒருவருக்கு இல்லை, இருவருக்கு. பன்னிரண்டு பெரியவர்கள் நடுவே ஒரே ஒரு பிள்ளை வாயே திறக்காது. பதவிக்காலம் ஓராண்டு, மூன்றாண்டு என்றால் பள்ளி முடிந்து போய்விடுவார்கள். தாள்கள் மூன்று நாள் முன்பு போக வேண்டும், அதற்கு மறுநாள் வெஸ்ட்ரி உறுப்பினர் இருவர் பிள்ளைகளோடு அரை மணி உட்கார்ந்து வரவுசெலவுத் தாளை எப்படிப் படிப்பது என்று காட்ட வேண்டும். பள்ளி நாள் இரவில் கூட்டம் ஒன்பது மணியைத் தாண்டக் கூடாது. பணியாளர் விஷயம், தனிநபர் காணிக்கை விவரம் வரும்போது அவர்கள் வெளியே போக வேண்டியிருக்கும் என்பதைப் பதவியேற்கும் நாளிலேயே சொல்லிவிடுங்கள், அன்றைக்கு அன்று சொன்னால் அவமானமாக இருக்கும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் இப்படி: "பிள்ளைகள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கடைசியில் கேட்டு, தலையாட்டலை வாங்கிக்கொண்டு மூடிவிடுகிறார்கள். உண்மையான பொறுப்பு ஒன்றைக் கொடுங்கள். உதாரணமாக வெளி ஊழியத்துக்கான பட்ஜெட்டில் 1,500 டாலரை எங்கே செலவிடுவது என்று விண்ணப்பங்களைப் படித்து, இடங்களுக்குப் போய் விசாரித்து, வெஸ்ட்ரிக்குப் பரிந்துரை கொண்டுவருவது அவர்கள் வேலை. பரிந்துரையைத் தக்க காரணமில்லாமல் மாற்றினால் அடுத்த ஆண்டு யாரும் முன்வரமாட்டார்கள்.

சபைக்கு மேலேயும் வழிகள் உண்டு. பல திருமண்டலக் கன்வென்ஷன்களில் வாலிபப் பிரதிநிதிகளுக்கு இடமுண்டு. ஜெனரல் கன்வென்ஷனில் எபிஸ்கோப்பல் சபையின் ஒன்பது மாகாணங்களிலிருந்து இருவர் வீதம் 18 பள்ளிப் பிள்ளைகள் அதிகாரபூர்வ வாலிபர் குழுவாகப் பிரதிநிதிகள் அவையில் உட்கார்ந்து பேசலாம், ஓட்டு மட்டும் இல்லை. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை உள்ளவர்களுக்கான எபிஸ்கோப்பல் யூத் ஈவென்ட் 1982 முதல் நடக்கிறது, மூன்றாண்டுக்கொரு முறை என்பது வழக்கம். 2020-இல் நடக்க வேண்டியது கோவிடால் நின்று, 2023 ஜூலையில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் கூடியது. அதைத் திட்டமிடும் குழுவிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். "ஹாப்பனிங்" என்ற வாரக் கடைசித் தியான முகாமை நடத்துவதே உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள்தான், பெரியவர்கள் துணைக்கு. உங்கள் திருமண்டலத்தில் அது நடந்தால் வயதில் மூத்த மூன்று பேரை அனுப்புங்கள். ஒருவரை மட்டும் அனுப்பாதீர்கள். திரும்பி வந்து அந்த உற்சாகத்தைப் பகிர ஆளில்லாமல் இரண்டு வாரத்தில் வாடிவிடும்.

கடுகுவிதை

பெரியவர்கள் நான்கு பேர் என்கிறீர்கள், பிள்ளைகள் ஒன்பதே பேர். பக்கத்து எபிஸ்கோப்பல் சபையில் நான்கு பிள்ளைகள், தெருவுக்கு அந்தப் பக்கம் இ.எல்.சி.ஏ. லுத்தரன் சபையில் ஆறு பேர். சேர்த்து நடத்தலாமா?

ஆலயமணி

தாராளமாக. இ.எல்.சி.ஏ. லுத்தரன் சபையோடு 2001 முதல் முழு உறவு இருக்கிறது, திருவிருந்து உட்பட எதிலும் தடையில்லை. பத்தொன்பது பிள்ளைகள் என்றால் வயதுவாரியாக இரண்டு குழுவாகவே பிரித்துவிடலாம். ஆனால் முதல் கூட்டத்துக்குமுன் மூன்று சபையும் ஒரு பக்கத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும்: யாருடைய பாதுகாப்புக் கொள்கை (எது கடுமையோ அது), யாருடைய காப்பீடு, பணம் எந்தக் கணக்கில், எந்த மாதம் எந்தக் கட்டடம், பெற்றோர் அனுமதிப் படிவமும் மருத்துவப் படிவமும் யார் கையில். ஞாயிறு காலைப் பணி அவரவர் சபையில்தான். மாலைக் கூட்டம் மட்டும் சேர்ந்து. இல்லாவிட்டால் பெரிய சபை சின்னச் சபையின் பிள்ளைகளை மெல்ல இழுத்துக்கொண்டுவிடும், அடுத்த ஆண்டு ஒத்துழைப்பு முறிந்துவிடும்.

வாசல்காவல்

பயணம் போனால் 15 இருக்கை வேன் வாடகைக்கு எடுக்குமுன் காப்பீட்டாரிடம் கேளுங்கள். கவிழும் அபாயத்தால் பல காப்பீடுகள் அதற்கு ஒப்புவதில்லை. இரண்டு சிறிய வேன்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு பெரியவர், ஓட்டுநரின் ஓட்டுநர் பதிவேட்டுச் சோதனை முன்கூட்டியே. மருத்துவப் படிவங்களின் பிரதி ஒவ்வொரு வேனிலும் அந்த வேனில் இருப்பவர்களுடையது மட்டும்.

கடுகுவிதை

எல்லாருக்கும் நன்றி. வெஸ்ட்ரிக்கு இப்படிக் கொண்டுபோகிறேன். சம்பள ஆள் இந்த ஆண்டு இல்லை. நான்கு தன்னார்வப் பெரியவர்கள், சோதனையும் பயிற்சியும் உடனே. மாலைக் கூட்டம் மாதம் இரண்டு, மூன்று சபையும் சேர்ந்து. உணவு, பயிற்சி, தியான முகாம் உதவி எல்லாம் சேர்த்து 6,000 டாலர். பிள்ளைகள் தீர்மானிக்கும் 1,500 தனி. வெஸ்ட்ரியில் இரண்டு இருக்கை, பேச்சுரிமையோடு. பேராயர் வருகைக்கு விருப்பப்பட்டவர்கள் மட்டும். கல்லூரிக்குப் போகும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன செய்வது என்பதுதான் பாக்கி.

கலங்கரை

ஜூன் மாதத்திலேயே பிள்ளையிடம் கேட்டு, சம்மதித்தால் பெயரையும் தொடர்பையும் அந்தக் கல்லூரிக்கு அருகிலுள்ள எபிஸ்கோப்பல் சாப்ளினுக்கு (மாணவர்களுக்கான ஆன்மீகப் பணியாளர்) அனுப்புங்கள். சாப்ளின் இல்லாத இடத்தில் பக்கத்துச் சபை ரெக்டருக்கு, "இவர் பாத்திரம் கொடுப்பார், வாசிப்பார்" என்று பணியையும் எழுதி. புதிய இடத்து லைசென்ஸ் அங்கத்துப் பேராயருடையது, அதற்கும் அந்தக் கடிதம் உதவும். இங்கே அவருடைய பெயரை அட்டவணையிலிருந்து எடுத்துவிடாமல், நன்றி தெரிவிக்கும் நாள் வார இறுதிக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஒரு வாசிப்பை ஒதுக்கிவையுங்கள்.

கணக்குப்பிள்ளை

ஒரு திருத்தம் மட்டும். 6,000-க்குள் பின்னணிச் சோதனைக் கட்டணத்தைத் தனி வரியாகக் காட்டுங்கள், திருப்பயணத்துக்கு இந்த ஆண்டே ஒரு தொகையை ஒதுக்கித் தனித் தலைப்பில் வையுங்கள். பயணம் இரண்டாண்டு கழித்துத்தான் என்றாலும் இப்போது தொடங்காவிட்டால் அந்த ஆண்டு பட்ஜெட்டில் முழுப் பாரமும் விழும், வெஸ்ட்ரி முதலில் வெட்டுவது அதைத்தான்.